பாலம் ரெடியா, மஹதி?

ட்ரிங்... ட்ரிங்...!

ஞாயிறு சாயங்காலம். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்த மஹதி, கண்ணைத் திறக்காமலே போனை எடுத்தாள்.

"மஹதி... நான் வேம்பு! போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறேன்!"

"என்னடா சொல்றே?"

"நம்ம வில்லியமைக் கொன்னுட்டாங்க! ஆபீஸ்லயே! மூணரைக்குப் போனேன்... ரத்த வெள்ளம்! பாத்துட்டுக் கத்தினவனையே பிடிச்சு வச்சிருக்காங்க!"

தூக்கம் பறந்தது. களைப்பு மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை, தேனாம்பேட்டை ஆபீஸ்.

வில்லியமின் நாற்காலி காலி. தரையில் சாக்பீஸ் கோடு. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஷரஃபுதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

"இன்னாம்மா, நீங்கதான் அந்த வேம்பு கூட வேலை பாக்கறவங்களா?"

"ஆமா சார். அவன் கொலையெல்லாம் பண்ண மாட்டான். மேல ஈ உக்காந்தாக்கூட, அதுவா எழுந்து போகட்டும்னு காத்திருக்கறவன்."

"சோம்பேறின்னு விட்டுட முடியுமா? நேத்து ஆபீஸுக்கு வந்தது ரெண்டே பேரு. ஒருத்தன் பொணம். மிச்சம் இருக்கறவனுக்கு மத்தியானம் ரிமாண்ட்!"

"மஹதி..." டையை இறுக்கிக்கொண்டு வந்தார் அனிருத். கம்பெனி முதலாளி. "எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க பதினோரு மணிக்கு வர்றாங்க. 'பாலம் ரெடி'ன்னு ஒரு கையெழுத்து. அவ்ளோதான்!"

பாலம்!

ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்காக எழுதிய பழைய சாஃப்ட்வேரை, அப்படியே இன்டர்நெட் பிரவுசருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் கருவி. அதை எழுதிக்கொண்டிருந்தவன் வில்லியம். சோதித்துப் பார்த்து, ரெடியா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் மஹதி.

மூன்று வாரமாக 'இல்லை' என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துவிட்டது.

'ரத்த வங்கி மஹதி... வெளையாட்டு இல்ல. முதலாளி அவசரப்பட்டா, நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிடுவேன்.' வெள்ளிக்கிழமை வில்லியம் சொன்னது இன்னமும் காதில் இருந்தது.

"சார்... நேத்து நீங்க எங்க இருந்தீங்க?"

அனிருத்தின் புருவம் ஏறியது. ஷரஃபுதீன் குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் கேட்டாச்சும்மா. சார் கொட்டிவாக்கம் வீட்ல இருந்திருக்காரு."

"பாலம்தான் எனக்கு சாட்சி!" அனிருத் சிரித்தார். "வீட்ல மோடம் போட்டேன். பிரவுசரைத் திறந்தேன். ரத்தம் குடுக்கறவர் ஒருத்தர் பேரை டைப் பண்ணி சேவ் பண்ணேன். கரெக்டா மூணு மணின்னு இங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு. ரெடி இல்லாத சரக்கு இப்படி வேலை செய்யுமா?"

"டாக்டரும் மூணு மணிக்குத்தான் உயிர் போச்சுன்றாரு. வேம்பு மூணரைக்குத்தான் வந்தான்றதுக்கு சாட்சி இல்ல," என்றார் ஷரஃபுதீன்.

மஹதி எரியும் கண்களை ஒரு நிமிஷம் மூடினாள்.

திறந்தாள்.

"அப்ப கையெழுத்துப் போட்டுடறேன் சார்."

"வெரி குட்!"

"ஒரே ஒரு தடவை, நேத்து பண்ணின மாதிரியே செஞ்சு காட்டிடுங்க. கண்ணால பாக்காம கையெழுத்துப் போட்டுப் பழக்கம் இல்ல."

அனிருத் உட்கார்ந்தார். பிரவுசரைத் திறந்தார். பெயர், வயது, ரத்தப் பிரிவு... விரல்கள் பறந்தன.

"இப்ப எஃப் ஃபைவ்! பழைய சாஃப்ட்வேரை எழுதினதே நான்தானே? பத்து வருஷமா எஃப் ஃபைவ் அமுக்கினா சேவ்!"

அமுக்கினார்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

அத்தனையும் காணோம்! பஸ்ஸில் அவள் படித்துக்கொண்டிருந்த ஏதோ தூரதேசத்து நாவலின் பனிவெளி போல, வெள்ளை வெளேரென்று ஒரு வெற்றுப் படிவம், மூலையில் ஒரு சேவ் பட்டன்...

"எங்கம்மா போச்சு எல்லாம்?" ஷரஃபுதீன் குனிந்தார்.

"பழைய சாஃப்ட்வேர்லதான் சார் எஃப் ஃபைவ்னா சேவ். பிரவுசர்ல அதை அமுக்கினா பக்கத்தை மறுபடி புதுசாத் திறக்கும். டைப் பண்ணினதெல்லாம் போயிடும்."

"ஓ... ஸாரி! நேத்து மவுஸாலதான் சேவ் பட்டனைத் தட்டினேன்!"

"மறுபடி டைப் பண்ணித் தட்டுங்க சார்."

க்ளிக்.

க்ளிக்... க்ளிக்...!

ஒன்றும் நடக்கவில்லை. அனிருத் மவுஸை உதறிப் பார்த்தார்.

"அது வெறும் படம் சார். பின்னாடி இன்னும் எதுவும் எழுதல. அதை எழுதி முடிக்கத்தான் வில்லியம் நேத்து வந்தான். பாலத்துல இப்போதைக்குப் பாக்கத்தான் முடியும். சேவ் பண்ண வழியே கிடையாது. மூணு வாரமா கத்திக்கிட்டிருக்கேன்... என் ரிப்போர்ட் ஒண்ணைக்கூடப் படிக்கலையா நீங்க?"

"அப்ப நேத்து சேவ் ஆனது?" ஷரஃபுதீனின் குரல் மாறியது.

"பழைய சாஃப்ட்வேர்ல சார். அதுக்குள்ள மோடம் வழியா வர முடியாது. இந்த ரூம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதான் அடிக்கணும்!"

"அப்டீன்னா மூணு மணிக்கு சார் கொட்டிவாக்கத்துல இல்ல... பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து டைப் அடிச்சிக்கினு இருந்திருக்காரு!"

அனிருத் நாற்காலியில் சரிந்தார்.

"ஆஸ்பத்திரியில சொல்லிடுவேன்னான்... எவ்ளோ கெஞ்சினேன்... ஸ்டெபிலைசரைத் தூக்கி ஒரே அடி... யாரும் பாக்காம பின்பக்க மாடிப்படி வழியா வந்தேன், அப்படியே போயிட்டேன்..."

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

வாக்கிடாக்கியில் பேசிவிட்டுத் திரும்பினார் ஷரஃபுதீன்.

"வேம்புவ விடச் சொல்லிட்டேன்மா. லாக்கப்ல இன்னும் தூங்கிக்கினு கீறானாம். எழுப்பினா அஞ்சு நிமிஷம் கேக்கறானாம்."

மஹதிக்குப் பொறாமையாக இருந்தது.

"ஆமா... எங்க ஸ்டேஷனுக்கும் கம்ப்யூட்டர் வரப் போவுதாம். எஃப்.ஐ.ஆர். எல்லாம் அதுலதான் ஏத்தணுமாம். இன்னா சொல்றீங்க, நம்பலாமா?"

கைப்பையைத் தோளில் மாட்டியபடி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள் மஹதி:

"தாராளமா வாங்கிக்குங்க சார்... பாக்கெட்ல இருக்கற பேனாவை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க!"