மருந்து வேறு, மாத்திரை வேறு

தையல் மெஷினின் மிதியில் இருந்த அவள் கால் தானாக நின்றது. நூல் அறவில்லை. பாபினில் அடிநூலும் தீரவில்லை. யாரோ தைக்கக் கொடுத்த திரைச்சீலை பாதி மடிப்போடு ஊசிக்கடியில் கிடந்தது. ஏன் நின்றோம் என்று ஒரு கணம் விழித்தவளுக்குப் பிறகுதான் உறைத்தது: உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்த குறட்டையில் ஒன்று குறைகிறது.

அடுத்தது வந்தது. கால் மறுபடி ஓடியது.

அந்தக் குறட்டை லேசுப்பட்டதல்ல. அவள் புருஷன் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கியபோது இன்ஜினை மட்டும் கழற்றித் தொண்டையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் அசந்தால் சமையலறையில் பாத்திர மூடிகள் தாளம் போடும். எதிர்வீட்டுப் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு தெருவையே காலி செய்யும். கல்யாணமான புதிதில் பூகம்பம் என்று பயந்து அவள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். புகுந்தவள் மாமியாரையும் உள்ளே இழுத்தாள் என்று அவள் பங்குக்குச் சேர்த்துவிடுவாள். அந்தத் தாளத்துக்கே மிதித்துத்தான் பாதி ஊருக்குத் துணி தைத்திருக்கிறாள். இழுக்கும்போது ஒரு மிதி, விடும்போது ஒரு மிதி.

இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததிலிருந்து அந்தச் சத்தமே இல்லாமல் போயிற்று. வலியில் மனுஷன் கண் மூடினால்தானே குறட்டை! ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை மகள்தான் வாங்கி வந்தாள். வேலைக்குத் திரும்புகிற அவசரத்தில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இது ரொம்ப ஸ்ட்ராங்கு. இதோட வேற மாத்திரை எதையும் குடுத்துடாத."

அவளா கொடுப்பாள்? தலைவலி மாத்திரையைக்கூட அந்த அறைப் பக்கம் விடவில்லை. தன்னுடைய பிரஷர் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். அவ்வளவு பத்திரம்.

இன்றைக்குக் காலையிலிருந்துதான் இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் இடுப்புத் தையல் பிய்ந்துவிடும் போல அவர் முகம் கசங்கியது, தலையணையைக் கடித்துக்கொண்டார். பார்க்க முடியவில்லை. அலமாரியில் இருமல் மருந்து பாதி பாட்டில் இருந்தது. குடித்தால் யானையே சுருண்டு படுக்கும் என்று அவள் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற மருந்து. மத்தியானம் வலி மாத்திரையை விழுங்க வைத்த கையோடு அதையும் மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"சர்க்கரைப் பாகாட்டம் இருக்கே. இன்னொரு மூடி ஊத்துடி."

"டேங்க் ஃபுல் பண்ண இதென்ன டீசலா?"

"நீ ஊத்துனா டீசலும் இனிக்கும்."

"இந்த வயசுல பேச்சப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு மூடி ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது. பிறகு வந்தது பழைய குறட்டை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. பட்டப்பகலிலேயே ஜன்னல் சாம்பல் பூத்து, மெஷின் எண்ணெய் வாடையும் ஈரத்துணி வாடையும் உள்ளறையிலிருந்து கசிந்த மருந்தின் தித்திப்பு வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, தொங்கவிட்டிருந்த திரைச்சீலைகள் காற்றே இல்லாமல் ஒருமுறை உப்பி மெல்ல அடங்கின. குறட்டை இழுத்தது. அதில் ஏதோ கொழகொழத்தது, சேற்றில் சிக்கிய சக்கரம் சுற்றுகிற மாதிரி. நின்றது. காத்திருந்தாள். மழை மட்டும். ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம். அப்புறம் எங்கோ கிணற்றின் ஆழத்திலிருந்து மேலே இழுத்து வரப்பட்டதுபோல் அடுத்த மூச்சு.

நல்ல தூக்கம் என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். பதில் சொல்வதுபோல மறுபடி நின்றது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா எப்டிம்மா இருக்காரு?"

"ராஜா மாதிரி தூங்கறாரு. இரு, கேளு" என்று உள்ளறைக் கதவுப் பக்கம் போனைப் பிடித்தாள்.

மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஏம்மா விட்டு விட்டு வருது? வேற ஏதாவது குடுத்தியா?"

"மாத்திரை எதையும் கண்ணுலகூடக் காட்டலடி. இருமலுக்கு மருந்துதான் குடுத்தேன்."

மகளின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது. "அம்மா... தூக்கம் வர்ற எதையுமே சேக்காதீங்கன்னுதான் நர்ஸ் சொன்னாங்க. சேத்தா மூச்சு அடங்கிடுமாம். நான்தான்... நான்தான் மாத்திரைன்னு சொல்லிட்டேன். அது தூக்கமில்லம்மா. எழுப்பு. இப்பவே எழுப்பு!"

ஓடினாள். அறை இருட்டியிருந்தது.

"என்னங்க."

தோளை உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, அப்படியே நின்றது.

"என்னங்க! எந்திரிங்க!"

இமையைத் தூக்கினாள். கருமணி கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. அவளைப் பார்க்கவில்லை. உதடு நாவல்பழம் தின்ற நிறம். நகங்களும்.

"இங்க என்கூட வேலை பாக்கறவ ஆம்புலன்ஸுக்குப் பேசிட்டு இருக்கா" என்று மகள் கத்தினாள். "போனை ஸ்பீக்கர்ல போடு. மூச்சு வருதான்னு பாரும்மா."

தலையணையில் போனை வைத்தாள். மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை.

"சொல்லும்மா."

உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள்.

அப்போது கேட்டது. விக்கல் இல்லை, இடைவெளி இல்லை. வாலிப வயதின் முழுக் குறட்டை. இழுத்து விட்டது. இழுத்து விட்டது. மேஜையில் டம்ளர் அதிர்ந்தது.

"அம்மா! கேக்குது!" மகள் அழுகையும் சிரிப்புமாகக் கூவினாள். "அப்பா குறட்டை கேக்குதும்மா! மூச்சு வந்துருச்சு! ஐயோ, பயந்தே போயிட்டேன்... அம்மா? பேசேன்?"

அவள் குனிந்தாள். திறந்திருந்த அவர் வாயோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். காற்று இல்லை, சத்தமும் அங்கிருந்து வரவில்லை. குளிர்ச்சி மட்டும். கைக்கடியில் நெஞ்சு பலகையாகக் கிடந்தது. குறட்டை அறையை நிரப்பிக்கொண்டு, அவள் காதுக்கு வெகு அருகில், வெதுவெதுப்பாக, இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. தலையணைமேல் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.