மூலைக்குப் போ, அப்பா!

காலை ஆறரைக்கு இசைவாணி எழுந்தாள். பல் தேய்த்தாள். கீழே போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தாள். பாலைக் காய்ச்சினாள். அடுப்பை அணைத்தாள். தலையைத் தானே பின்னிக்கொண்டாள். வலது பக்கப் பின்னல் கொஞ்சம் மேலே போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் அதிகம் இல்லை.

பாயில் சுகப்பிரியா அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துப் போர்ஷனில் இருப்பவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்தவள். அப்பா ஊரில் இல்லாததால் இந்த மூன்று வாரமும் இசைவாணிக்குத் துணையாக இங்கேயே படுத்துக்கொள்கிறாள்.

அப்பா செந்தமிழன் இத்தாலியில் இருந்தார். அவருடைய கம்பெனிக்குப் புது மெஷின் வரப்போகிறது. அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதற்காக அவரைப் பொலோனியா என்ற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை திரும்பிவிடுவார்.

பொலோனியா பழைய ஊர். அதன் நடுவில் ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது. அதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அப்பா இருக்கும் அறையிலிருந்து அங்கே போக பஸ்ஸில் இருபது நிமிடம்தான். அப்பா இதுவரை போகவில்லை.

போன இரண்டு ஞாயிறும் வீடியோ காலில் இசைவாணி பார்த்தது மூன்றே விஷயங்கள். ஒரு பச்சைத் திரை. ஒரு வெள்ளைச் சுவர். தலையணையில் அப்பாவின் தலை.

அம்மா கங்கா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டில் இருக்க முடியாது. “கிளம்பு, கிளம்பு” என்பாள். காஞ்சிபுரம் போவார்கள். வண்டலூர் போவார்கள். எதுவும் இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் படப்பை வரை போய் பஜ்ஜி தின்றுவிட்டு வருவார்கள்.

இப்போது அப்பா கம்பெனிக்குப் போவார். வீட்டுக்கு வருவார். அவ்வளவுதான். அம்மாவின் பேரைக்கூடச் சொல்வதில்லை.

இன்று அப்பாவை வெளியே கிளப்பியே தீருவது என்று இசைவாணி முடிவு செய்திருந்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பொலோனியாவின் படம் வரைந்து வைத்திருந்தாள். ஒரு வாரமாக சுகப்பிரியா அக்காவின் ஃபோனைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. பஸ் போகும் வழி நீலம். நடக்கும் வழி சிவப்பு.

அங்கே மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். பன்னிரண்டரை வரை பொறுத்திருந்து கூப்பிட்டாள்.

பச்சைத் திரை. வெள்ளைச் சுவர். தலையணை.

“இன்னாப்பா, இன்னும் படுத்துகினு இருக்க?”

“லீவும்மா. ஓவர்டைம் உண்டான்னு கேட்டேன். சிரிச்சாங்க. ஞாயித்துக்கிழமை கேட்டையே பூட்டிட்டாங்க.”

“அப்போ கிளம்பு.”

“எங்க?”

“சதுக்கத்துக்கு.”

“துணி துவைக்கணும் வாணி.”

“சாயங்காலம் துவை.”

“குளிருது.”

“ஸ்வெட்டர் போடு.”

“ஷூ இல்ல. சேஃப்டி ஷூதான் இருக்கு.”

“அதையே போட்டுக்கோ. கல்லு தடுக்கினாலும் கால் வலிக்காது.”

சுகப்பிரியா அக்கா எலுமிச்சை சாதத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏட்டி, விடேன். அவரு என்ன சின்னப்பிள்ளையா?”

“நீ சும்மா இருக்கா.” இசைவாணி ஃபோனைப் பார்த்தாள். “அப்பா, நான் வெச்சிடறேன். பஸ் ஏறினதும் கூப்பிடு. கூப்பிடலைன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி நான் கூப்பிடுவேன்.”

அப்பா கூப்பிடவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவள் கூப்பிட்டாள். பத்து நிமிடம் கழித்தும் கூப்பிட்டாள். ஏழாவது முறை பச்சைத் திரை இல்லை. பஸ் ஜன்னல் இருந்தது.

“ஏறிட்டேம்மா. போதுமா?”

“போதாது. ரெண்டு கோபுரம் வரும். அங்க இறங்கு.”

அப்பா இறங்கினார். ஃபோனைத் திருப்பிக் காட்டினார். செங்கல்லால் கட்டிய இரண்டு கோபுரங்கள். ஒன்று மிக உயரம். பக்கத்தில் இருந்த குட்டைக் கோபுரம் நன்றாகவே சாய்ந்திருந்தது. அதைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள்.

அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “அலைன்மென்ட் அவுட்டு” என்றார்.

“எழுநூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் நிக்குதாம்ப்பா.”

“இப்பதான் மெயின்டனன்ஸ் எடுத்திருக்காங்க போல.”

“எங்க சூப்பர்வைசர் லைன்ல வந்திருந்தா அன்னைக்கே ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாரு” என்றாள் சுகப்பிரியா அக்கா.

அப்பா லேசாகச் சிரித்தார். இசைவாணி கவனித்துக்கொண்டாள்.

“இப்போ கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நேரா நட. சிவப்புக் கோடு” என்றாள்.

“சிவப்புக் கோடு இங்க இல்லையேம்மா.”

“என் படத்துல இருக்கு. நீ நட.”

அப்பா நடந்தார். கொஞ்ச நேரத்தில் முதலில் நீரூற்று வந்தது. நடுவே கையில் சூலத்துடன் ஒரு கடல் சாமி சிலை. உடம்பில் ஒரு துணிகூட இல்லை.

“குளிருதுன்னு சொன்னாரே உங்கப்பா. இந்தச் சாமிக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுக்கப்படாதா?” என்றாள் அக்கா.

அதற்கு அப்பால் சதுக்கம் விரிந்தது. எவ்வளவு பெரியது! புறாக்கள், சைக்கிள்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். எதிரே மலைபோல ஒரு தேவாலயம். அதன் முன்சுவரில் கீழ்ப்பாதி வழவழவென்று பளிங்கு. மேல்பாதி வெறும் செங்கல்.

இசைவாணி துள்ளினாள். “அப்பா! நம்ம ஓனர் கோதண்டம் மாமா வூடு மாதிரியே கீது! கீழ மட்டும் பூச்சு, மாடியில செங்கல்!”

“ஆமாம்” என்றார் அப்பா. “அவரும் அடுத்த தையில முடிச்சிடறேன்னுதான் சொல்லிகினு இருக்காரு.”

பிறகு ஃபோனைத் தன் பக்கம் திருப்பினார். “சரி வாணி. பார்த்தாச்சு. நான் ரூமுக்குப் போறேன்.”

வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் உன்னை வரச்சொன்னதே. தேவாலயத்துக்கு எதிர்ல பழைய அரண்மனை இருக்குல்ல? அதுக்கடியில ஒரு வளைவு. உள்ள போ. நாலு மூலை இருக்கும்.”

அப்பா போனார். மேலே வளைந்த கூரை. கீழே நான்கு மூலைகளிலும் நான்கு தூண்கள். ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஒரு மூலையில சுவத்தைப் பார்த்துகினு மெதுவாப் பேசணும். எதிர் மூலையில நிக்கிறவங்களுக்குக் கேக்கும். நடுவுல போறவங்களுக்குக் கேக்காது.”

“எதிர் மூலையில நிக்க எனக்கு யாரு இருக்கா?”

அப்பா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சுகப்பிரியா அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“நான் இருக்கேன்” என்றாள் இசைவாணி. “ஃபோனை அந்த மூலையில வெச்சிட்டு நீ இந்த மூலைக்குப் போ.”

“யாராவது தூக்கினு போயிட்டா?”

அதுவும் சரிதான். இசைவாணி யோசித்தாள். “ஃபோனைச் சுத்திக் காட்டு” என்றாள்.

அப்பா சுற்றிக் காட்டினார். கைகோத்தபடி இரண்டு பேர். சைக்கிளைப் பூட்டும் ஒருவர். அப்புறம், ஒரு மூலையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சிறுமி. இசைவாணியைப் போலவே அவளுக்கும் பத்து வயதுதான் இருக்கும். சுவரைப் பார்த்து ஏதோ சொல்வாள். எதிர் மூலையைத் திரும்பிப் பார்ப்பாள். எதிர் மூலையில் யாரும் இல்லை. அவள் அம்மா தூரத்தில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

“பாவம்ப்பா. அவளுக்கு ஆளில்ல. முதல்ல நீ போய் அவளுக்கு எதிர் மூலையில நில்லு.”

“எனக்கு இத்தாலி பாஷை வராது வாணி.”

“அவளுக்குத் தமிழ் வராது. சரியாப் போச்சு. மூலைக்குப் போ, அப்பா!”

அப்பா மூலைக்குப் போனார். சேஃப்டி ஷூ கல் தரையில் டக் டக்கென்றது. சுவரைப் பார்த்து நின்று தொண்டையைச் செருமினார்.

“ஹலோ. டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

எதிர் மூலையில் மஞ்சள் கோட்டு ஒரு குதி குதித்தது. சிறுமி திரும்பிப் பார்த்தாள். வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அப்பாவின் காதருகே சுவர் பேசியது. “சாவோ!” இத்தாலியில் ஹலோவுக்கு அதுதான்.

அப்பா மிரண்டு ஒரு அடி பின்னால் வந்தார். “கேக்குது வாணி! நிஜமாவே கேக்குது!”

“சொன்னேன்ல? இப்போ என்னை அவகிட்ட கொண்டு போ.”

அப்பா கொண்டு போனார். ஃபோனில் இசைவாணி கையை ஆட்டினாள். ஒரு வாரமாகப் பழகியிருந்த இத்தாலியச் சொல்லைச் சொன்னாள். “பெர் ஃபவோரே.” தயவுசெய்து என்று அர்த்தம். பிறகு தன்னைக் காட்டினாள். சுவரைக் காட்டினாள். அப்பாவைக் காட்டி, “பாப்பா, பாப்பா” என்றாள். இத்தாலியில் அப்பாவைப் பாப்பா என்பார்கள்.

சிறுமிக்கு உடனே புரிந்துவிட்டது. தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையசைத்தார். சிறுமி இரண்டு கைகளாலும் ஃபோனை வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மறுபடி எதிர் மூலைக்குப் போனார். கையில் ஃபோன் இல்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

“அப்பா, காலைல சாப்பிட்டியா?”

பழைய அரண்மனையின் சுவர் தமிழில் கேட்டது.

அப்பா சுவருக்கு இன்னும் பக்கத்தில் போனார்.

ஒரகடத்தில் இசைவாணி ஃபோனைக் காதோடு வைத்துக் காத்திருந்தாள். சதுக்கத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. சுகப்பிரியா அக்கா மின்விசிறியை நிறுத்தினாள்.

அப்புறம், மிக மெதுவாக, சுவர் வழியாக அப்பாவின் குரல் வந்தது.

“கங்கா.”

இசைவாணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“கங்கா இருந்திருந்தா முதல் ஞாயித்துக்கிழமையே என்னை இங்க கிளப்பி விட்டிருப்பா. அந்தச் செங்கல் சுவத்தைப் பார்த்து உன்னை மாதிரியேதான் சொல்லியிருப்பா. வாணி, கேக்குதாம்மா?”

“கேக்குதுப்பா. இன்னும் சொல்லு.”