பொறுப்பு ஏற்றவர்

இந்த மை ஏன் இன்னும் காயவில்லை?

சாரதா விரலைப் பார்த்தாள். 1953-இல் தொடங்கிய பதிவேட்டின் நீலம் அதில் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு கவுண்டி நிர்வாகம் நடத்தி, மூடிவிட்ட மனநல மருத்துவமனையின் அடித்தளத்தில், பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. ஈரச் சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாடை. சுவர்க் குழாய்களில் வெந்நீர் ஓடும்போதெல்லாம், யாரோ சாவிக்கொத்தைத் தொடையில் தட்டிக்கொண்டே நடப்பது போன்ற சத்தம்.

"திருமூர்த்தி சார், ஒரே பேரு பேஷன்ட் லிஸ்ட்லயும் இருக்கு, ஸ்டாஃப் லிஸ்ட்லயும் இருக்கு."

காண்ட்ராக்ட் எடுத்திருந்த திருமூர்த்தி கோட்டை மாட்டியபடி சிரித்தார். "தொண்ணூறு பேருக்கு ஒரு அட்டெண்டர்ங்க. ஆள் எடுக்கக் கவுண்டி காசு தரல. கொஞ்சம் தெளிவா இருக்கற பேஷன்ட் கையில சாவியக் குடுத்துட்டாங்க. சம்பளம் இல்ல, லீவு இல்ல. நம்ம கம்பெனி மாதிரியே."

"அப்ப எதுல போடட்டும்?"

"ஸ்டாஃப்னே போடுங்க. கேக்க நல்லாருக்கும்ல." லஞ்சுக்குப் போய்விட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். பதினோரு வருடங்களுக்கு முன், 1986-இல், பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே சொன்னாள்: தங்கை வேலுமணி சென்னையில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். உண்மையில் வேலுமணி அங்கே மனநல நோயாளி. சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவள் சாரதா. ஒரு வாரம்தான், வந்து கூட்டிட்டுப் போறேன் என்று சொன்னவளும் அவள்தான். கிரீன் கார்டு வந்த பிறகும் போகவில்லை. கணவருக்கு இன்றுவரை தெரியாது.

பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டம், பொறுப்பு ஏற்றவர். அடுத்தவர் வந்து அதில் கையெழுத்திட்டு உள்ளே தங்கினால்தான், இருப்பவர் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம். இரண்டு லிஸ்டிலும் பெயர் இருந்த ரூத் என்ற நோயாளியின் வரிகளில் அந்தக் கட்டம் எட்டு வருடம் வெறுமையாக இருந்தது. கடைசி வரிக்குப் பிறகு வெற்றுத் தாள்கள். புரட்டினாள்.

தமிழ் எழுத்து.

கொம்பைப் பெரிதாகச் சுழிக்கும் தங்கையின் கையெழுத்து. வேலுமணி. வேலுமணி. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த 1986 ஜூன் தொடங்கி, ஒரு நாள் விடாமல். கடைசிக் கட்டங்கள் எல்லாம் காலி. கடைசித் தேதி இன்று. ஈரம்.

குழாய்ச் சத்தம் நின்றது.

சாவிச் சத்தம் நிற்கவில்லை. நெருங்கியது. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பினாயிலுக்கு நடுவே தேங்காய் எண்ணெய் வாடை.

"அக்கா."

அவள் திரும்பவில்லை.

"ரொம்ப நேரமா நிக்கறேன்க்கா. நீ கையெழுத்துப் போட்டீன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

சாவிக்கொத்து மேசைமேல் வைக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு பேனா. மூன்று மணிக்கு டேகேர் காப்பகம் முடிந்துவிடும். மகள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.

சாரதா பேனாவை எடுத்தாள். இளஞ்சூடாக இருந்தது. மூடியைப் போட்டாள்.

"இன்னும் ஒரு வாரம்தான், வேலு," என்றாள் மெதுவாக.



"சரிக்கா."

அவள் தோளுக்கு மேலாக ஒரு மெலிந்த கை நீண்டது. பேனாவை வாங்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, அடுத்த வரியில், நாளைய தேதியை எழுதத் தொடங்கியது.