ஒரு கொலைகாரன் தேவை

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மூன்றாவது மாடியில், உள்ளே தாழிட்டிருந்த அறையில், நாற்பத்தொரு வயது லிஃப்ட் மெக்கானிக் இறந்து கிடந்தார்.

தற்கொலை என்றார் டாக்டர்.

கொலை என்றாள் மனைவி.

பத்து நாளாக ஸ்டேஷனுக்கு வந்து அதையே சொன்னாள். மறுநாளைக்குப் பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கி வைத்திருந்தாராம். சாகப்போகிறவர் பல்லைப் பற்றிக் கவலைப்படுவாரா என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் விசாரித்துப் பார்த்தார். டோக்கன் உண்மைதான். தாழ்ப்பாளும் உண்மைதான்.

பதினோராம் நாள் இறந்தவரின் தம்பி வந்தான். பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“அண்ணனை நான்தான் கொன்னேன் சார்.”

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார்.

“உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்துதே. எப்படி வெளியே வந்தே?”

“ஜன்னல் வழியா.”

“ஜன்னல்ல கம்பி இருக்குப்பா.”

தம்பி யோசித்தான்... யோசித்துக்கொண்டே இருந்தான்.

இன்ஸ்பெக்டர் அலுப்போடு பஸ் டெப்போவுக்குப் போன் செய்தார். அன்று காலை எட்டிலிருந்து பத்து வரை அவன் பஸ்ஸில் இருந்தான். நாற்பது பயணிகள் சாட்சி.

“எதுக்குப்பா இந்த வேலை?”

அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை என்றான். அன்று காலை சட்டைக்கு இஸ்திரி போடாததில் புருஷனோடு சண்டையாம். அதனால்தான் போய்விட்டார் என்று நினைக்கிறாளாம்.

“கொலைன்னு ஆயிட்டா அண்ணி மேல பழி இல்லையே சார்.”

“உனக்கு ஆயுள் தண்டனை கிடைக்கும். பரவாயில்லையா?”

“கிடைக்கட்டும் சார். எனக்குத்தான் கிடைக்கணும்.”

செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

மார்ச் 11. காலை 9.10. ‘அண்ணன்.’ எடுக்காத அழைப்பு.

“வளைவுல திருப்பிட்டிருந்தேன். கட் பண்ணிட்டேன். அப்புறம் பேசிக்கலாம்னு...”

வாசலில் செருப்புச் சத்தம்.

மனைவி! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

“கொலை இல்ல சார். தம்பியை விட்டுடுங்க. நான்தான் காரணம்.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

“இருபது வருஷமா இந்த மாதிரி வீடுகளுக்குப் போயிட்டு வர்றேன்மா. ஒரு சட்டைக்காக யாரும் சாகறதில்ல. ஒரு போனுக்காகவும் சாகறதில்ல. வேற எதுக்குன்னு கேட்டா, எனக்குத் தெரியாது.”

இருவரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்.

கோப்பில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார்.

ஏட்டு சீல் வைத்தார்.

“ஒப்புக்கிட்டவங்க ரெண்டு பேர் இருக்காங்க சார். குற்றத்தைத்தான் காணோம்.”