ஆனி ஏழாம் நாள் நிழல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் வரதராஜாவின் வீட்டு மணியை அடித்த பெண், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய அகலமான பலகை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் அதைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெயர் மயூரா. முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. வயது நாற்பதைத் தொட்டிருக்கும்.

"என்னைத் தெரியுமோ, அங்கிள்?"

"தெரியும் பிள்ளை. ஸ்தபதி இளங்கீரன்ர மனிசி."

வரதராஜா முப்பது வருடம் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காணி எல்லைச் சண்டையில் தொடங்கி, தொலைந்த நகை, மொட்டைக் கடிதம் என்று ஊரார் அவரிடம் கொண்டுவரும் சிக்கல்களுக்குக் குறைவில்லை. குரலை உயர்த்த மாட்டார், அவசரப்படவும் மாட்டார். அவருடைய பங்கு அவசரத்தையும் சேர்த்துப் பக்கத்து வீட்டுப் பிரசன்னா பட்டுக்கொள்வான். சென்னைக்காரன், கணினி வேலை, தலையில் பாதி நரைத்தும் துப்பறியும் ஆசை நரைக்காதவன். மயூராவின் கார் நின்ற ஐந்தாவது நிமிடம், சர்க்கரை கேட்கும் சாக்கில் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தான். கிண்ணத்தை எங்கே வைத்தான் என்பது பிறகு அவனுக்கே நினைவில்லை.

மயூராவின் கதை ஊருக்குப் பாதி தெரிந்ததுதான். கணவன் இளங்கீரன் கும்பகோணத்துப் பக்கத்துக்காரன். கோவில் கட்டுவதில் தேர்ந்த கை. இரண்டு வருடத்துக்கு முன் சிட்னியின் மேற்கே ஒரு கோவிலுக்குத் திசை பிடித்துக் கல் நாட்டும் பொறுப்பு அவனிடம் வந்தது. சங்கு என்கிற முளையை நட்டு, அதன் நிழலைக் காலையும் மாலையும் குறித்துக் கிழக்கைக் காண்பதுதான் அவன் படித்த முறை. ஆனால் மூன்று நாள் அடைமழை. சூரியன் தலை காட்டவே இல்லை. குறித்த நல்ல நேரமோ நெருங்கிவிட்டது. கைபேசியின் திசைகாட்டியை வைத்துக் கோடு போட்டுவிட்டான். கும்பகோணத்தில் செய்திருந்தால் பெரிய பிழை வந்திராது. சிட்னியிலோ திசைகாட்டி உண்மையான வடக்கை விட்டுப் பன்னிரண்டு பாகைக்கு மேல் கிழக்கே சாய்ந்து நிற்கும். வைத்த கல்லெல்லாம் கோணலாகப் போயிற்று. அதைக் கண்டுபிடித்துக் கோவில் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் எழுந்து சொன்னவர் வரதராஜா.

"நாட்டின கல்லைத் திருப்பிக் கிளப்பினதைக்கூட அவர் தாங்கினவர், அங்கிள். பிறகொரு நாள் ஸ்டேசன் பக்கத்துக் கடையில நாங்கள் ரெண்டு பேரும் நிக்கேக்க, ஆரோ என்னைக் காட்டி, 'உதுதான் கோணல் ஸ்தபதியின்ர மனிசி' எண்டு சொல்லிச்சினம். அண்டைக்குப் பின்னேரமே வீட்டை விட்டுப் போட்டார். 'ஊருக்குப் போறேன், தேடாதே' எண்டு ஒரு துண்டுக் கடிதம். ரெண்டு வருசமாச்சு. அவரின்ர செருப்பு இப்பவும் வாசல்லதான் கிடக்கு. தூசி தட்டித் தட்டி வைக்கிறன்."

அவள் அழவில்லை. அழுது தீர்த்தவர்களின் குரல் அது. அன்றைய கூட்டத்தில் சரியானதைத்தான் சொன்னோம் என்று வரதராஜா இரண்டு வருடமாகத் தனக்குத் தானே சொல்லி வந்திருக்கிறார்.

"இப்ப என்ன நடந்தது?" என்றார்.

"நேற்று சுஜீதன் வந்தவன். இவரோட கோவில் வேலையில நிண்ட பெடியன். இப்ப மெல்பேர்ன்ல, மல்கிரேவ்ல இருக்கிறான். ரெண்டு மாசத்துக்கு முன்னம் இந்தியாவுக்குப் போய் வந்தவனாம், கும்பகோணத்தில இவரைக் கண்டவனாம். இனி வரமாட்டாராம், என்னையும் வர வேண்டாமாம். இதைத் தரச் சொன்னவராம்." பலகையை ஒருவழியாக மேசையில் வைத்தாள். "நான் வேலையை விட்டுட்டன், அங்கிள். நாளைக்குத் திருச்சிக்குப் பிளேன். கோவில் கோவிலாத் தேடப்போறன். ஆனா இரவு முழுக்க ஒரே யோசனை. அவர் உயிரோட இல்லையோ? என்னைத் தேற்ற இவன் பழைய பலகை ஒண்டைக் கொண்டுவந்து தந்திருக்கிறானோ? அதை மட்டும் சொல்லுங்கோ. கோணலைக் கண்டுபிடிச்ச கண்ணுக்கு இதுவும் தெரியும்."

வரதராஜா விரிப்பை அவிழ்த்தார். இரண்டடிச் சதுரப் பலகை. மூன்று பக்கம் இழைத்திருந்தது. நாலாவது பக்கத்தில் மரப்பட்டை அப்படியே இருந்தது. நடுவில் ஒரு துளை, அதில் பொருந்தும் முளை தனியே ஒரு துணிப்பையில். துளையைச் சுற்றி ஒரு வட்டம். நிழலின் நுனி நாள் முழுக்க நகர்ந்த வழியெல்லாம் ஊசியால் குத்திய புள்ளிகள். வட்டத்தைக் காலை நிழல் தொட்ட இடத்தையும் மாலை நிழல் தொட்ட இடத்தையும் ஒரு கோடு இணைத்தது. கோட்டின் ஒரு முனையில் 'கிழக்கு' என்றும், மூலையில் 'ஆனி 7' என்றும் உளியால் வெட்டியிருந்தது.

"அவரின்ர எழுத்துத்தான்," என்றாள் மயூரா. "கலியாணம் முடிச்ச புதிசிலயும் பல்கனியில இப்பிடி ஒண்டை வைச்சுக்கொண்டு நிப்பார். பின்னேர நிழல் வட்டத்துக்கு வருமட்டும் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். நான் தட்டோட போய்ப் பக்கத்தில இருப்பன்."

"சோழர் காலத்துப் பெருந்தச்சனுக்கும் முதல் பாடம் இதுதான்," என்றார் வரதராஜா. "உளியைத் தொட முன்னம் முளையும் கயிறும். கயிற்றைப் பன்னிரண்டு பங்காக்கி, மூண்டு, நாலு, அஞ்செண்டு இழுத்தால் மூலை மட்டம். நிழலைப் பிடிச்சால் திசை. அவ்வளவையும் கையில வைச்சுக்கொண்டுதான் மலை மாதிரிக் கோபுரம் எழுப்பினவை."

பிரசன்னா வரதராஜாவின் பழைய அளவுப் பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தான். "முளை பன்னிரண்டு சென்டிமீட்டர் சார். நிழல் ரொம்பக் குறுகின எடம், அதாவது உச்சி வேளை, இருபத்திரண்டு." கோட்டையும் புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தவன் துள்ளி எழுந்தான். "சார்! உச்சி நிழல் தெக்குப் பக்கம் விழுந்திருக்கு! தெக்கே நிழல் விழுந்தா அது ஆஸ்திரேலியாதானே?"

"பொறுமப்பா. ஆனி மாசத்தில சூரியன் கும்பகோணத்துக்கும் வடக்கதான் நிக்கும். அங்கயும் அண்டைக்கு நிழல் தெற்கதான் விழும்."

பிரசன்னாவின் முகம் காற்றுப்போன பூரி மாதிரி ஆயிற்று. வரதராஜா பட்டையோரத்தை விரலால் தடவினார். பிசின் ஒட்டியது. முளையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சுஜீதன் இன்னும் சிட்னியிலயோ?"

"ஓம். பரமட்டாவில சொந்தக்காரர் வீட்டில."

"பன்னிரண்டு மணிக்கு இங்க வரச் சொல்லுங்கோ. சாப்பாட்டுக்கெண்டு சொன்னாப் போதும்."

சுஜீதன் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தான். முப்பது வயது, பணிவான பேச்சு, ஆளின் கண்ணைப் பார்க்காத பார்வை. வரதராஜா அவனைப் பின்வளவுக்கு அழைத்துப் போனார். துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில், மட்டமான ஒரு மேசையில் பலகை கிடந்தது. மயூரா அதன் ஓரமாக நின்றாள். பிரசன்னா வேலியோரம் நின்று, தப்பி ஓட வழியில்லாதபடி வாசலை மறைத்ததாக நினைத்துக்கொண்டான். வாசல் மறுபக்கம் இருந்தது.

"தம்பி, இந்தப் பலகையை இளங்கீரன் எங்க வைச்சுச் செய்தவர்?"

"கும்பகோணத்தில, அவரின்ர வீட்டு முற்றத்தில. ஆனி ஏழு. நான் பக்கத்திலதான் நிண்டனான்."

"பிளேன்லயோ கொண்டு வந்தனீர்?"

"ஓம் அங்கிள். பெட்டிக்குள்ள வைச்சு."

"இந்தப் பட்டையோட?"

சுஜீதன் பலகையின் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிரசன்னாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மா கொண்டாந்த ஒரு பிடி கறிவேப்பிலையையே ஏர்போர்ட்ல பிடுங்கிக் குப்பையில போட்டாங்க. பச்சை மரத்தைப் பட்டையோட விட்டாங்களா?"

"அது ஒண்டு," என்றார் வரதராஜா. "ஆனா அதிகாரி கண்ணயர்ந்தார் எண்டு சொல்லலாம். சூரியன் கண்ணயர்ந்தது எண்டு சொல்லேலாது." சட்டைப் பையிலிருந்து முளையை எடுத்துப் பலகையின் துளையில் நிறுத்தினார். "இது பன்னிரண்டு சென்ரிமீற்றர். இப்ப உச்சி நேரம். பிரசன்னா, நிழலை அளவும்."

பிரசன்னா குனிந்தான். "பதிமூணு."

"ஆடி முடியப்போற இந்த நேரத்திலயும் சிட்னியில நிழல் முளையை விட நீளம். கும்பகோணத்தில ஆனி ஏழு உச்சிக்குச் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேல. இந்த முளைக்கு மூண்டு சென்ரிமீற்றர் நிழல்கூட வராது. ஆனியை விடுங்கோ, நிழல் ஆக நீளுற மார்கழியிலயும் அங்க உச்சி நிழல் ஒன்பதைத் தாண்டாது. பலகையில இருக்கிறது இருபத்திரண்டு. தம்பி, இந்தப் பலகை தமிழ்நாட்டு வெயிலைக் கண்டதே இல்லை."

மயூரா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இங்கயோ, அங்கிள்? சிட்னியிலயோ?"

"சிட்னியில ஆனி ஏழுக்குப் பத்தொன்பதைத் தாண்டாது. இருபத்திரண்டு வேணுமெண்டால் இன்னும் நாலு பாகை தெற்க போகோணும். கணக்குப் போட்டால் வாறது மெல்பேர்ன். அங்க மல்கிரேவ்ல இருக்கிறது ஆரெண்டு எனக்கு நீங்கள்தான் காலமை சொன்னனீங்கள். மரத்தில பிசின் இன்னும் காயேல்லை. இந்த வருசம் வெட்டின மரம், இந்த வருசத்து ஆனி. ஆள் உயிரோட இருக்கிறார், பிள்ளை. நல்லா இருக்கிறார். கோட்டை அளந்து பாத்தனான், மயிரிழை பிசகேல்லை."

சுஜீதன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். நெடுநேரம் சுமந்த பாரத்தை இறக்கியவன் போல மூச்சு விட்டான்.

"என்ர வீட்டுப் பின்பக்க அறையிலதான் இருக்கிறார், அக்கா. பகல்ல தச்சு வேலை. லீவு நாளெண்டால் முளையை நட்டுக்கொண்டு நிப்பார். முதலாம் பாடத்தில இருந்து திருப்பிப் படிக்கிறன் எண்டு சொல்லுவார். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள், சாப்பிடுறீங்களோ, வீடு மாறினீங்களோ எண்டு கிழமைக்குக் கிழமை என்னைக் கேப்பார். தான் பக்கத்தில இல்லாட்டி உங்களை ஆரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டினமாம். இந்தியாவில கண்டதாச் சொல்லு, அப்பதான் அவ மறந்து ஒரு வாழ்க்கையைப் பாப்பா எண்டு அவர்தான் சொன்னவர்." அவன் குரல் உடைந்தது. "அந்தத் திசைகாட்டி என்ர போன்ல இருந்தது, அக்கா. மழைக்குள்ள நான்தான் நீட்டினனான். கூட்டத்தில அவர் என்ர பேரைச் சொல்லவே இல்லை. அவர் கேட்டதை நான் எப்பிடி மறுக்கிறது?"

"மறக்கச் சொல்லுறவர் எதுக்கு இதை அனுப்பினவர்?" என்று மயூரா கேட்டாள்.

"நீங்கள் மட்டும் அவரைக் கோணல் எண்டு நினைக்கக் கூடாதாம்."

அதன் பிறகு யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. பிரசன்னா கைபேசியில் திருச்சிப் பயணத்தை ரத்துச் செய்து, மெல்பேர்னுக்கு மறுநாள் காலை விமானத்தில் மயூரா, வரதராஜா, சுஜீதன் மூவருக்கும் இடம் பிடித்தான். தன்னைக் கணக்கில் சேர்க்காததற்கு அவன் மனம் வருந்தியது உண்மைதான். ஆனாலும் வரதராஜா போயே ஆக வேண்டும் என்பது அவனுக்கும் புரிந்திருந்தது.

"அவர் உங்களைப் பாக்க விரும்பாமலும் இருக்கலாம், பிள்ளை," என்றார் வரதராஜா, விமானத்தில்.

"வேண்டாமெண்டால் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், அங்கிள்."

மல்கிரேவில் சுஜீதனின் வீட்டுப் பின்வாசலை மயூராதான் தட்டினாள். கதவைத் திறந்த இளங்கீரன் இளைத்திருந்தான். முழங்கை வரை மரத்தூள். அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நின்ற வரதராஜாவைப் பார்த்தான், உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் அண்டைக்கு உம்மைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கோணும்," என்றார் வரதராஜா. "நாற்பது பேருக்கு முன்னால சொன்னது என்ர பிழை. மன்னிக்கோணும்." சொல்லிவிட்டு, சுஜீதனின் தோளைத் தொட்டு அவனையும் அழைத்துக்கொண்டு வீட்டின் முன்பக்கம் போய்விட்டார்.

"எப்படிக் கண்டுபுடிச்ச, மயூ?" என்றான் இளங்கீரன். "பலகையில நான் இந்த ஊரைப் பத்தி ஒண்ணுமே எழுதலியே."

"நிழலை அளந்தவை."

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இருபத்திரண்டு என்று உதடு அசைந்தது. தலையைக் குனிந்துகொண்டான். "உச்சி நிழலை ரெண்டு விரக்கடைக்குள்ள குத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கும்பகோணத்துக் கணக்கு எனக்குத் தெரியாதா? ஊசியையும் எடுத்தேன். நிழலை மாத்திக் குத்த மனசு வரலை."

இரண்டு வருடம் கட்டி வைத்திருந்தது அப்போதுதான் மயூராவுக்கு உடைந்தது. அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். மரத்தூள் பறந்தது.

"நிழலுக்குப் பொய் சொல்ல மனம் வரேல்லை. எனக்குச் சொல்ல மட்டும் எப்பிடி வந்தது உங்களுக்கு?"

அடித்த கைகளைப் பிடித்துக்கொண்டு, விடாமல் அழுதான்.