வெறுந்தட்டு

தலைமன்னார் றெயில் நிலையக் கந்தோரில் எனக்குக் கிளாக்கர் வேலை கிடைத்தபோது என் பெண்சாதி றஞ்சிதத்துக்கு வயிறு நன்றாகப் பெருத்திருந்தது. கல்யாணமான பிறகு எங்களுக்கென்று ஒரு வீடு அமைந்தது அப்போதுதான். ஆகமன காலம், கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முந்திய வாரங்கள். வாடைக் காற்றும் தூறலுமாக இருந்த ஒரு பின்னேரம், இரண்டு பெட்டி, ஒரு பாய்க்கட்டு, அவளுடைய தாய் இடித்துத் தந்த மிளகாய்த்தூள் போத்தல் என்று எங்கள் மொத்தக் குடித்தனத்தோடும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினோம்.

வீட்டுக்காரர் யாகப்பர் இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். வீட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் படலையோடு திரும்பிவிட்டார். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் அவருக்கு நேரமில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நான் எல்லாவற்றையும் நல்லபடியாகவே நினைக்கிறவன்.

ஒழுங்கை எங்கள் படலையோடு முடிந்துவிடும். கிழக்குப் பக்கம் ஆளுயரத்துக்கு மேலே பனையோலை வேலி. வேலிக்கு அப்பால் கடல் இரைவது கேட்கும். அங்கே ஒரு வீடு இருக்கும், அதன் வாசல் கடற்கரைப் பக்கம் இருக்கும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். குசினி அடுப்படிக்கு நேரே வேலியில் ஒரு பொட்டு இருந்தது. கை நுழைகிற அளவு ஓட்டை. எங்கள் பக்கங்களில் பொட்டு இல்லாத வேலி கிடையாது. நெருப்பு, உப்பு, கறி, ஊர்வம்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வரும்.

முதல் நாளே அந்தப் பக்கம் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்திலை ஆக்கள் இருக்கினம்" என்றாள் றஞ்சிதம். அவள் முகம் தெளிந்துவிட்டது. வெள்ளாங்குளத்தில் அக்கா தங்கச்சி, மச்சாள் என்று நிறைந்த வீட்டில் வளர்ந்தவள். நான் காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவேன். தனியாகப் பகல் முழுவதும் என்ன செய்வாள் என்று எனக்கும் கவலைதான்.

அந்தக் கவலையைப் பக்கத்து வீட்டு அக்கா தீர்த்துவைத்தாள். நான் வேலையால் வந்தால் றஞ்சிதத்தின் வாயில் அவள் கதைதான். "மாவை வறுக்கேக்கை அடுப்பைக் குறைச்சு விடட்டாம்." "அன்னாசி தின்ன வேண்டாமாம்." "இடப்பக்கம் சரிஞ்சு படுக்கட்டாம், பிள்ளைக்கு நல்லதாம்." பெயரைக் கேட்டேன். மதலேனா என்று சொன்னாளாம். ஆளைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்க நான் என்ன பனைமரமே? குரல் கேக்கும். சில நேரம் கை தெரியும். அது காணாதே?"

"கையை வைச்சே சொந்தம் கொண்டாடுற ஆள் நீர்தான்" என்று பகிடி பண்ணினேன்.

நத்தார் நெருங்கியது. மூலையில் பாலன் குடில் கட்டினேன். மாட்டுக் கொட்டிலுக்கு வைக்கோல் போதாமல் குடிலில் பாதி தென்னந்தும்புதான். றஞ்சிதம் நிமிர்ந்து நிற்க முடியாத வயிற்றோடு கொக்கிஸ் சுட்டாள், பயத்தம் பணியாரம் பிடித்தாள். எண்ணெய் மணமும் ஏலக்காய் மணமும் வீட்டை நிறைத்தன. நான் சுடச்சுடத் திருடித் தின்று அவளிடம் அகப்பைக் காம்பால் அடி வாங்கினேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோசமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

நத்தார்ப் பூசை முடிந்து வந்ததும், என் தமக்கை கல்யாணத்துக்குத் தந்த பூப்போட்ட பீங்கான் தட்டில் பலகாரம் அடுக்கி, துணியால் மூடி, றஞ்சிதம் பொட்டு வழியாக நீட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து வாங்கியது. கறுத்த, மெலிந்த, வளையல் போட்ட சாதாரணப் பெண்ணின் கை. முழங்கை வரைக்கும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்திருப்பாள்.

"சந்தோசம் தங்கச்சி" என்றது குரல். இனிமையான குரல்தான்.

மத்தியானம் பொட்டில் வேறொரு தட்டு இருந்தது. ஓரம் துருப்பிடித்த எனாமல் தட்டு. அதில் அரியதரம். எங்கள் தட்டை அவள் வைத்துக்கொண்டு தன் தட்டை அனுப்பியிருந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். உப்புக் கரித்தது.

"உம்மடை அக்கா சீனியெண்டு உப்பை அள்ளிப் போட்டிட்டா."

"சும்மா இருங்கோ, கேக்கப் போகுது" என்று றஞ்சிதம் என் வாயைப் பொத்தினாள்.

அவளுடைய தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது. அது எங்கள் ஊர்களில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் றஞ்சிதம் கேக்கும் வாழைப்பழமும் வைத்து அனுப்பினாள். எங்கள் தட்டு திரும்பவில்லை. எனாமல் தட்டேதான் மறுபடியும் வந்தது.

அதில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது.

வெள்ளைச் சீலையில் கையால் தைத்தது. கழுத்தில் நீல நூலால் சின்னப் பூக்கள். றஞ்சிதம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். "என்ரை பிள்ளைக்கு முதல் உடுப்பு, பாருங்கோ." நான் வாங்கிப் பார்த்தேன். சட்டை ஈரமாக இருந்தது. கரையில் ஒதுங்கி அழுகிக் கிடக்கிற சாதாளைப் பாசியின் மணம் அதில் அடித்தது.

அன்று பின்னேரம் நத்தார் வாழ்த்துச் சொல்ல யாகப்பர் வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு இருத்தி வைன் தந்தார். பேச்சோடு பேச்சாக, பக்கத்து வீட்டு மதலேனா அக்கா பிள்ளைக்குச் சட்டை தைத்துத் தந்ததைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி கொன்ஸ்ரன்ரைன், அந்தப் பக்கம் வீடில்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குக் கடல் உள்ளுக்கு வந்தது. நத்தாருக்குக் கிட்ட. மதலேனா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள். நிறைமாசம். பிள்ளைக்குச் சட்டையெல்லாம் தைச்சு அடுக்கி வைச்சிருந்தவள்." அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தண்ணி வத்தினாப் பிறகு ஆளை எடுத்து அடக்கம் செய்தனாங்கள்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"முந்தி வாடகைக்கு இருந்தது வயசுபோன ஆக்கள், தம்பி. அவையளுக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை. பிள்ளைத்தாச்சிக்குக் கேக்குமெண்டு நான் கண்டனானே?"

ஓடி வந்தேன். இன்னும் வெயில் இருந்தது. குசினிப் பக்கம் மர வாங்கை இழுத்துப்போட்டு ஏறி, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மணல். இராவணன் மீசைப் புல். இடிந்த கிணற்றுக் கட்டு. வீடு இருந்த இடத்தில் நாலு அத்திவாரக் கல். ஒரு காலடித் தடமும் இல்லை.

"அக்கா நிக்கிறாவோ?" என்றாள் றஞ்சிதம் பின்னாலிருந்து.

அப்போது என் காலடிக்கு நேரே, வேலிக்கு அந்தப் பக்கம், தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது.

அங்கே யாருமில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம் நிற்கவில்லை.

றஞ்சிதத்திடம் மறைக்க முடியவில்லை. என் முகமே சொல்லிக் கொடுத்துவிட்டது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

வெள்ளாங்குளத்துக்குப் போய்விடலாம் என்றேன். ஆனால் அவளுக்கு அடிவயிற்றில் நோவு தொடங்கியிருந்தது. மருத்துவமாது சிவலட்சுமி வந்து பார்த்து, நோவு அடங்கும் வரைக்கும் பஸ்ஸில் ஏற்றவே கூடாது, குலுங்கினால் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டாள். படுத்தபடி இருக்க வேண்டும். அந்த வீட்டில்.

புது ஓலை வாங்கி வந்து பொட்டை அடைத்துக் கட்டினேன். விடிய அது திறந்து கிடந்தது. கட்டு அறுக்கப்படவில்லை, நிதானமாக அவிழ்க்கப்பட்டிருந்தது. கயிற்றைச் சுருட்டி எங்கள் பக்கம் வைத்திருந்தாள். சட்டையைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். மறுநாள் அது பொட்டடியில், எனாமல் தட்டில் மடித்து வைத்தபடி இருந்தது. கூடவே ஒரு சின்னத் தொப்பி.

பகலெல்லாம் குரல் வந்துகொண்டிருந்தது. "தங்கச்சி, சாப்பிட்டியோ?" "தங்கச்சி, இண்டைக்குப் பிள்ளை துடிக்குதோ?" அதட்டலில்லை, பயமுறுத்தலில்லை. றஞ்சிதம் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நான் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தேன். இருந்து என்ன? ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் தன் பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அதற்கு மேல் என்னால் ஒன்றும் ஏலவில்லை.

கடைசியில் சுவாமியைக் கூட்டிவந்தேன். வயதான, நிதானமான குருவானவர். தீர்த்தமும் செபப்புத்தகமுமாக வேலியடிக்குப் போனார். அவர் தீர்த்தம் தெளிக்கக் கையை உயர்த்தியபோது, அந்தப் பக்கமிருந்து மிகுந்த பக்தியோடு ஒரு குரல் வந்தது.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம் சுவாமி."

பழக்கதோசத்தில் அவர் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டார். பிறகுதான் யாருக்குக் கொடுத்தோம் என்று உணர்ந்து ஓரடி பின்னுக்குப் போனார். ஆனாலும் விடவில்லை. "அருள் நிறைந்த மரியாயே" என்று தொடங்கினார். நானும் உள்ளே கட்டிலில் கிடந்த றஞ்சிதமும் மறுபாதியைச் சொன்னோம். எங்களோடு சேர்ந்து அவளும் சொன்னாள். ஒரு சொல் தவறவில்லை. முடிவில் எங்கள் எல்லோரையும்விட நிதானமாக "ஆமென்" என்றாள்.

சுவாமி புத்தகத்தை மூடினார்.

"பேயெண்டால் கலைக்கலாம், தம்பி" என்றார் மெல்ல. "இது எங்கடை சபைப் பிள்ளை. என்னெண்டு கலைக்கிறது?"

அவர் போன பிறகு எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாதவனின் கோபம். எனாமல் தட்டை எடுத்தேன்.

"ஏதாவது வைச்சுக் குடுங்கோ" என்று றஞ்சிதம் கெஞ்சினாள். "வெறுந்தட்டாக் குடுக்காதேங்கோ."

"என்னத்தை வைக்கிறது? பிள்ளைச் சட்டைக்கு என்னத்தை வைச்சுக் குடுக்கிறது, சொல்லும்?"

நான் பொட்டடிக்குப் போய் வெறுந்தட்டை அந்தப் பக்கம் தள்ளினேன். "எங்களிட்டை உமக்குத் தர ஒண்டுமில்லை. எங்களை விடும்."

தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள். பிறகு எங்கள் பூப்போட்ட பீங்கான் தட்டு கழுவித் துடைத்தபடி பொட்டு வழியாக வந்தது. அந்தக் கை அதை என் கையில் பத்திரமாக வைத்தது. விரல்கள் என் விரல்களில் பட்டன. அந்தக் குளிரை என்னால் எழுத முடியாது.

"இப்ப இல்லாட்டிப் பறவாயில்லை, தம்பி" என்றது குரல். "பிள்ளை பிறக்கட்டும். பிறகு வாங்கிறன்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

புதுவருசம் பிறந்தது. நோவு அடங்கியதும் யாகப்பர் பிடித்துத் தந்த காரில் றஞ்சிதத்தை மெத்தை போட்டுப் படுக்கவைத்து வெள்ளாங்குளம் கொண்டுபோனேன். திறப்பை நான் யாகப்பரின் கையில் கொடுக்கவில்லை, படலையில் கொழுவிவிட்டு வந்தேன். மாமியார் வீட்டில் வேலியே கிடையாது. நாலு பக்கமும் வயல். கடல் கண்ணுக்கெட்டவில்லை. அங்கே எனக்கு மூச்சு வந்தது.

பெண் பிள்ளை. சுகப்பிரசவம். அழகான, முழுமையான பிள்ளை. அதைக் கையில் வாங்கியபோது நான் சத்தமாக அழுதேன். தப்பிவிட்டோம் என்று மாமியாரின் காலில் விழாத குறைதான். பிறந்த கிழமையே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம்.

பிள்ளை தாயிடம் பால் குடிக்கவில்லை.

புதுப்பிள்ளைகள் சில அப்படித்தான், பழகிவிடும் என்றார்கள். றஞ்சிதம் மடியில் வைத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசியில் அழவுமில்லை. தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. அவள் கொல்லையில் குந்தியிருந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சேலையால் மூடிக்கொள்வாள். மாமியார் போத்தல் பால் கரைத்துக் கொடுத்தார். அதையும் துப்பியது.

அந்தப் பகுதி மருத்துவமாது வந்து பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா நிறை கூடியிருக்கு. தாய்ப்பால்தான் இப்பிடிப் பிடிக்கும். விடாமல் குடுங்கோ, பிள்ளை."

றஞ்சிதம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணிவாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நான் பிள்ளையின் ஏணைத் தொட்டிலடிக்குப் போனேன். நல்ல வெயில். மாமியார் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிணற்றடியில் றஞ்சிதம் துணியைக் கல்லில் அறைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏணை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை கண்ணை மூடி, வயிறு நிறைந்த களைப்பில் உதட்டைச் சப்பிக்கொண்டு கிடந்தது.

வாயோரம் பால் வழிந்திருந்தது. விரலால் துடைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.