சுவரில் ஐந்து ஓட்டைகள்

ஷிரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் மலை. தூரத்தில் நீலமாகத் தெரியுமே, அந்த மாதிரி மலை இல்லை. கையை நீட்டினால் தொடலாம். கொட்டச்சேடு என்ற அந்த மலைக்கிராமத்தில் சரிவை வெட்டித்தான் வீடு கட்ட முடியும். வெட்டிய மண் சரியாமல் இருக்கக் கருங்கல்லில் சுவர் எழுப்பி, அதில் ஐந்து ஓட்டைகள் விட்டிருந்தார்கள்.

மழை பெய்தால் ஐந்து ஓட்டைகளிலும் செந்தண்ணீர் கொட்டும். பின்வாசல் முழுக்கச் சேறாகிவிடும். ஷிரினின் அம்மா சலீமா தினமும் குனிந்து குனிந்து அதைக் கூட்டித் தள்ளுவார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"நொம்ப வலிக்குதாம்மா?"

"வலிக்காம என்ன கண்ணு? மலையில இருக்கிற தண்ணியெல்லாம் நம்ம ஊட்டுக்குத்தான் வருது."

ஷிரினுக்குப் பாவமாக இருந்தது. அவளுடைய அத்தா நூர் முகமது மிளகு வியாபாரி. வீட்டில் கிழிந்த சாக்குக்குப் பஞ்சமே இல்லை. அவள் யாருக்கும் தெரியாமல் ஐந்து சாக்குகளைச் சுருட்டி, ஐந்து ஓட்டைகளிலும் திணித்து, கட்டையால் தட்டி இறுக்கினாள்.

மறுநாளும் மழை பெய்தது. ஆனால் பின்வாசலில் சேறு இல்லை. அம்மா சிரித்த சிரிப்பைப் பார்த்து ஷிரின் பூரித்துப்போனாள். செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மழை விடவே இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கு விடுமுறை. காலையில் பின்வாசலுக்குப் போன ஷிரின் அப்படியே நின்றாள். சுவரின் நடுப்பகுதி தொப்பை போட்டிருந்தது. கல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

இந்த மண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். மேட்டில் இருக்கும் பழைய பாறையை நகத்தால் சுரண்டினாலே செம்மண்ணாக உதிரும். மழையும் வெயிலும் எத்தனையோ காலமாக அந்தப் பாறையை அரித்து மண்ணாக்கியிருந்தன. அந்த மண் மழையைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்த தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். அந்த வழியைத்தான் அவள் அடைத்திருந்தாள்.

ஓடிப்போய்ச் சாக்கைப் பிடித்து இழுத்தாள். ஊறிப் பருத்த சாக்கு அசையவில்லை. ஒன்றே ஒன்று பிய்ந்து வந்தது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. மேலிருந்து ஒரு கல் அவள் காலருகே விழுந்தது.

"அத்தா! செவுத்து ஓட்டையெல்லாம் நான் அடைச்சுப்போட்டேன்! செவுரு உழுகப்போகுது!"

நூர் முகமது ஓடிவந்து பார்த்தார். கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"வேண்டாங்க அத்தா! அதத் தொடாதீங்க! எல்லாரும் வெளிய போயிரலாம்!"

அவர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார். கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சலீமாவையும் ஷிரினையும் இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார். அதே சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும். ஷிரின் அத்தாவின் கையை உதறிவிட்டு அந்த வீட்டு வாசலில் போய்க் கத்தினாள்.

"பெரியம்மா, வெளிய வாங்க! செவுரு உழுகப்போகுதுங்க!"

உள்ளேயிருந்து ஞானசுந்தரி பெரியம்மாவின் குரல் வந்தது. "அடுப்புல கொழம்பு கொதிக்குது சாமி. இருவது வருசமா நிக்கிற செவுரு, இன்னைக்கா உழுகப்போகுது?"

வாசலில் பெரியம்மாவின் சேவல் நின்றது. அதை அவர் யாரையும் தொட விடமாட்டார். ஷிரின் அதை அள்ளிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். சேவல் ஊரே கேட்கும்படி கத்தியது.

"ஏ புள்ள! என்ற சேவல எங்க தூக்கிட்டு ஓடற?"

கையில் கரண்டியோடு பெரியம்மா துரத்திக்கொண்டு வந்தார். அவர் ரோட்டில் கால் வைத்தபோது பின்னால் மடமடவென்று சத்தம் கேட்டது.

ஒருவருக்கும் அடிபடவில்லை. ஆனால் இரண்டு வீட்டுச் சமையலறையும் இல்லை. மிளகு மூட்டைகள், ஷிரினின் புத்தகங்கள், பெரியம்மாவின் குழம்பு எல்லாம் செம்மண்ணுக்குள் போய்விட்டன.

எல்லோரும் சர்ச் ஹாலில் தங்கினார்கள். ஷிரின் சாப்பிடவில்லை. யாராவது திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை. கடைசியில் அவளே பெரியம்மாவிடம் போனாள்.

"உங்க ஊடு என்னாலதானுங்க போச்சு."

பெரியம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஆமா கண்ணு. பொய் சொல்ல மாட்டேன். ஊடு போச்சு. ஆனா நீ சேவலத் தூக்கலைன்னா நானும் கொழம்போட போயிருப்பேன்."

பெரியம்மா அழுதார். ஷிரினும் அழுதாள். சேவல் மட்டும் நடு ஹாலில் நின்று கூவியது.

அடுத்த மழைக்காலத்துக்குள் புதுச் சுவர் எழும்பியது. கொத்தனார் கந்தசாமியை விட்டு ஷிரின் நகரவே இல்லை.

"எத்தன ஓட்டைங்க?"

"எட்டு."

"பத்து வைங்க."

அவர் பத்து வைத்தார்.

முதல் மழை வந்தது. சமையலறைக்கு இன்னும் தார்ப்பாய்தான் கூரை. அதன் அடியில் நின்று ஷிரின் ஒவ்வோர் ஓட்டையாக எண்ணினாள். பத்தாவதிலும் செந்தண்ணீர் கொட்டிய பிறகுதான் மூச்சு விட்டாள். பின்வாசல் பழையபடி சேறாகியிருந்தது.

சலீமா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஷிரின் அதை வாங்கிக்கொண்டாள்.